அண்டை ஊரார் ஆடிய இறுதியாட்டம்

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் பர்மிங்காம் என்னும் பெருநகர் உள்ளது. அதற்கு வடமேற்கே ஏறத்தாழ ஐந்து மைல் தொலைவில் வெஸ்ட் பிராமிச் என்னும் ஊர் அமைந்துள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்விரண்டும் தொழிலால் ஓங்கி விளங்கின. பர்மிங்காமின் பட்டறைகளில் பொத்தான், பேனா முள், துப்பாக்கி முதலிய பொருள்கள் பலவும் உருவாயின. வெஸ்ட் பிராமிச்சைச் சூழ்ந்த நிலப்பரப்போ நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பு உலைகளும் நிறைந்தது. அவற்றின் கரியும் புகையும் படிந்த அப்பகுதிக்குக் ‘கரிய நாடு’ என்ற பெயரே வழங்கலாயிற்று. இவ்விரண்டு ஊர்களின் காற்பந்துக் கழகங்கள் 1887-ஆம் ஆண்டு ஏப்பிரல் 2-ஆம் நாள் இலண்டன் மாநகரில் ஒன்றையொன்று எதிர்த்து ஆடின. நடந்தே கடக்கக்கூடிய அளவு நெருங்கியிருந்த இரு சாரார், தம்முள் வல்லவர் யார் என்று தெரிந்துகொள்ள நூற்றுப்பத்து மைல் சென்றது ஏன் என்பதை அறிய, சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

காற்பந்தாட்டம் இங்கிலாந்தில் பன்னெடுங்காலமாக ஆடப்பட்டு வந்ததே. ஆயினும் அதற்கு ஒரு சீரான விதித்தொகுதி ஏற்பட்டது 1863-ஆம் ஆண்டில்தான். இலண்டனில் கூடிய சில கழகத்தார் அவ்வாண்டில் காற்பந்துச் சங்கத்தை நிறுவினர். அச்சங்கத்தின் செயலாளராய்ப் பின்னர் வந்த சார்லஸ் ஆல்காக் என்பார் ஹாரோ என்னும் புகழ்பெற்ற பள்ளியில் பயின்றவர். அப்பள்ளியில் மாணவர் விடுதிகளுக்கிடையே ஒரு போட்டி நடைபெறுவதுண்டு. தோற்ற விடுதி விலகும், வென்ற விடுதி மேற்செல்லும். அம்முறையையே நாட்டுக் கழகங்களுக்கெல்லாம் விரித்து, ஒரு வெள்ளிக் கோப்பையைப் பரிசாக வைத்தால் என்ன என்று அவர் கருதினார். 1871-72-இல் பதினைந்து கழகங்களுடன் அப்போட்டி தொடங்கிற்று. கோப்பை ஒன்றரை அடி உயரமே உடையது. அதன் விலை ஏறத்தாழ 20 பவுன். மூடியின்மேல் ஆட்டக்காரன் ஒருவனுடைய சிற்றுருவம் நின்றது. மக்கள் அதனைச் ‘சிறு தகரச் சிலை’ என்று செல்லமாக அழைத்தனர். இறுதியாட்டங்கள் பெரும்பாலும் இலண்டனின் கெனிங்டன் ஓவல் திடலில் நடந்தன. அது கிரிக்கெட்டுத் திடல். ஆல்காக்கே அத்திடலை ஆண்ட சரே கிரிக்கெட்டுக் கழகத்துக்கும் செயலாளராக இருந்தமையால், காற்பந்துக்கும் அங்கே இடம் கிடைத்தது.

முதற் பத்தாண்டுகளில் அக்கோப்பையை வென்றோர் யாவரும் உயர்குடியினரே. பெரும்பள்ளிகளில் பயின்றோர், படையதிகாரிகள், பல்கலைக்கழக மாணவர் என்போரே ஆட்டக்காரர். கின்னேர்ட் பிரபு என்பவர் ஒன்பது இறுதியாட்டங்களில் ஆடி ஐந்தில் வெற்றி கண்டார். அவர்களுக்கு ஆட்டம் ஓய்வுநேர இன்பம். ஓய்வோ அவர்களிடம் நிரம்ப இருந்தது. உழைத்துண்ணும் மக்களுக்கு ஞாயிறு ஒன்றே விடுமுறை. அந்நாளில் விளையாடுதல் சமய ஒழுக்கத்திற்கு மாறானதாகக் கருதப்பட்டது. ஆகவே தொழிலாளன் எந்த நாளில் பந்தை உதைப்பான்?

இதற்கு விடையளித்தது ஆடுகளம் அன்று, தொழிற்சட்டம். 1850-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நெசவாலைகளில் வேலை செய்யும் பெண்டிரையும் இளைஞரையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை வாங்கலாகாது என விதித்தது. இவ்வரைநாள் விடுமுறை மெல்ல மெல்லப் பிற தொழில்களுக்கும் பரவிற்று. சனிக்கிழமைப் பிற்பகல் என்ற ஒன்று கைக்கு வந்தவுடன், அதனை என்ன செய்வது என்ற வினாவும் உடன் வந்தது. அவ்வினாவிற்குக் காற்பந்தே விடை என்று கண்டவர்களுள் இவ்விரு ஊராரும் அடங்குவர்.

பர்மிங்காமின் எல்லையை ஒட்டிய பகுதியில் வில்லா கிராஸ் என்னும் இடத்தில் ஒரு தேவாலயம் இருந்தது. அதனைச் சார்ந்த இளைஞர் கோடைகாலத்தில் கிரிக்கெட்டு ஆடிவந்தனர். குளிர்காலத்தில் கைகட்டி இருத்தல் பிடியாமல் 1874-இல் அவர்கள் ஒரு காற்பந்துக் கழகத்தைத் தொடங்கினர். அதுவே ஆஸ்டன் வில்லா. அதன் முதல் ஆட்டம் வேடிக்கையானது. எதிரணியினர் ரக்பி என்னும் கையால் ஏந்தி ஓடும் ஆட்டத்தை ஆடுவோர். ஆகவே பாதி நேரம் அவர்கள் முறைப்படியும், மறுபாதி நேரம் இவர்கள் முறைப்படியும் ஆடி முடித்தனர். இரண்டாண்டுகள் கழித்து ஜார்ஜ் ராம்சே என்னும் ஸ்காட்லாந்து இளைஞர் ஒருவர் ஆஸ்டன் பூங்கா வழியாகச் செல்லுகையில் இவர்கள் பயில்வதைக் கண்டார். ஆள் ஒருவர் குறையவே அவரையும் சேர்த்துக்கொண்டனர். பந்து அவர் காலில் ஒட்டினாற்போல் செல்வதைக் கண்டு யாவரும் வியந்தனர், அவரையே தலைவராக்கினர். 1878-இல் ஆர்ச்சி ஹன்ட்டர் என்னும் மற்றொரு ஸ்காட்லாந்துக்காரர் வேறொரு கழகத்தைத் தேடிப் பர்மிங்காமுக்கு வந்தார். வந்தவர் தம் நாட்டவரான ராம்சே இருப்பதை அறிந்து வில்லாவிற் சேர்ந்துவிட்டார். இவர் பின்னர் அக்கழகத்தின் புகழ்மிக்க தலைவரானார்.

ஸ்காட்லாந்துக்காரரின் வருகையை இங்கே தனித்துக் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. அந்நாளைய இங்கிலாந்தில் பந்தைப் பெற்றவன் அதனை உருட்டிக்கொண்டு தானே கோலை நோக்கி விரைவான். ஏனையோர் அவன் பின்னே ஓடுவர். ஒருவனே வீரன், மற்றவர் துணைவர். ஸ்காட்லாந்திலோ பந்தை ஒருவர் மற்றொருவர்க்குத் தட்டிக் கொடுத்து, பதினொருவரும் ஒருவராய் இயங்கும் முறை வளர்ந்திருந்தது. தனி ஆற்றலைக் கூட்டாற்றல் வெல்லும் என்பதை வில்லா கற்றுக்கொண்டது இவ்விருவரால்தான் எனலாம்.

வெஸ்ட் பிராமிச் கழகம் பிறந்தது தேவாலயத்தில் அன்று, தொழிற்சாலையில். அவ்வூரில் சால்ட்டர் என்பாருடைய தொழிற்சாலை ஒன்று இருந்தது. சுருள்வில்லும், சுருள்வில்லால் எடை காட்டும் தராசும் அங்கே செய்யப்பெற்றன. அங்குப் பணியாற்றிய இளைஞர் சிலர் 1878-இல் கழகம் தொடங்கினர். உள்ளூரில் பந்து கிடைக்காமையால், பக்கத்து ஊராகிய வெட்ன்ஸ்பரிக்கு நடந்தே சென்று வாங்கிவந்தனர் என்றும், அதனாலேயே கழகத்துக்கு முதலில் ‘உலாவுவோர்’ என்னும் பொருள்படும் ஸ்ட்ரோலர்ஸ் என்ற பெயர் ஏற்பட்டது என்றும் கூறுவர். ஆல்பியன் என்ற பெயர் சிறிது காலம் கழித்து வந்தது. வில்லாவில் ஸ்காட்லாந்துக் கலப்பு இருந்தது போல் ஆல்பியனில் இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் அவ்வூரிலும் அண்டையிலும் பிறந்தவர்கள். இதனை அவ்வூர் மக்கள் மறந்ததே இல்லை; வில்லா அணியினர் பெருநகரின் செருக்குடையவர் என்றும், தம்மவரே மண்ணின் மைந்தர் என்றும் அவர்கள் எண்ணி வந்தனர்.

இரு கழகங்களும் 1882 முதல் போட்டிகளில் மோதத் தொடங்கின. 1885-இல் கோப்பைப் போட்டியின் மூன்றாம் சுற்றில் எதிர்ப்பட்டன. முதல் ஆட்டம் கோல் ஏதுமின்றி முடிந்தது. மறு ஆட்டத்தில் ஆல்பியன் 3–0 என வென்றது. அத்தோல்வி வில்லாவின் நெஞ்சில் முள்ளாய் நின்றது.

இதற்கிடையே கோப்பை கைமாறத் தொடங்கியிருந்தது. 1883-இல் பிளாக்பர்ன் நகரத்து ஒலிம்பிக் கழகம், ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர் அணியை 2–1 என வீழ்த்திற்று. வென்ற அணியில் நெசவாளர், நூற்பாலைத் தொழிலாளர், குழாய்ப் பணியாளர் முதலியோர் இருந்தனர். அதன்பின் உயர்குடிக் கழகம் எதுவும் கோப்பையைத் தொட்டதில்லை. அடுத்த மூன்றாண்டுகளும் அதே நகரின் ரோவர்ஸ் கழகம் கோப்பையைக் கைப்பற்றிற்று. 1886-இல் அதனிடம் தோற்றது ஆல்பியனே.

தொழிலாளர் ஆடுவது என்றால் கூலிக்கும் ஒரு வழி வேண்டும். ஒரு நாள் வேலையை விட்டு வெளியூர் செல்வோனுக்கு அன்றைய ஊதியம் போய்விடும். அதனை ஈடுசெய்யக் கழகங்கள் மறைவாகப் பணம் கொடுத்தன. பணத்துக்காக ஆடுதல் இழிவு என்று சங்கத்தின் பெரியோர் சிலர் சினந்தனர். வயிறார உண்டவர்க்கு அவ்வறம் எளிது. நெடிய வழக்காட்டுக்குப் பின், 1885-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஊதியம் பெற்று ஆடுதலைச் சங்கம் ஒப்புக்கொண்டது. ஆயினும் கோப்பைப் போட்டியில் ஆடும் ஊதிய ஆட்டக்காரன், கழகத் திடலுக்கு ஆறு மைலுக்குள் பிறந்தவனாகவோ, அவ்வெல்லைக்குள் இரண்டாண்டு வாழ்ந்தவனாகவோ இருத்தல் வேண்டும் என்ற கட்டும் விதிக்கப்பட்டது.

இவ்வாறு ஆட்டம் புதிய கைகளுக்கு மாறிவந்த வேளையில் 1886-87-ஆம் ஆண்டுப் போட்டி தொடங்கிற்று. வில்லா முதற்சுற்றில் வெட்ன்ஸ்பரி ஓல்ட் அத்லெட்டிக் கழகத்தை 13–0 என்று வென்றது. ஆனால் மூன்றாம் சுற்றில் மற்றோர் அண்டைக் கழகமான உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் எளிதில் விடவில்லை. 2–2, 1–1, 3–3 என மூன்று ஆட்டங்கள் முடிவின்றிப் போயின. நான்காவதில்தான் வில்லா 2–0 என வென்றது. அரையிறுதியில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரத்து ரேஞ்சர்ஸ் கழகத்தை 3–1 என வீழ்த்திற்று. ஆல்பியனுக்கு அரையிறுதியில் எதிர்ப்பட்டது, அந்நாளில் வெல்லற்கரியது எனப் பெயர்பெற்ற பிரஸ்டன் நார்த் எண்ட். அதனை ஆல்பியனும் 3–1 என்றே வென்றது. ஆகவே இறுதிக்கு வந்தவை இரண்டும் நடுநாட்டுக் கழகங்கள். நடுநாட்டைச் சேர்ந்த எக்கழகமும் அதுவரை கோப்பையை வென்றதில்லை. இம்முறை வெல்லப்போவது யாராயினும் நடுநாட்டுக்குக் கோப்பை வருவது உறுதி. எந்தத் தெருவுக்கு வரும் என்பதே கேள்வி.

வில்லா அணியினர் ஆட்டத்திற்கு முன் செவர்ன் ஆற்றங்கரையில் ஹோல்ட் ஃப்ளீட் என்னுமிடத்தில் தங்கிப் பயிற்சி செய்தனர். பட்டறைப் புகையினின்று நீங்கி, நடையும் ஓட்டமும் அளவான உணவும் கொண்டு உடலைத் திருத்திக்கொள்ளும் இவ்வழக்கம் அந்நாளில் புதிது. முன்னாளைய உயர்குடி ஆட்டக்காரர் இதனைக் கேட்டு நகைத்திருப்பர். அவர்களுக்குப் பயிற்சி என்பதே ஒருவகை ஏமாற்று. சனிக்கிழமை வந்தது. நடுநாட்டிலிருந்து புகைவண்டிகள் மக்களை இலண்டனுக்குக் கொண்டுவந்து இறக்கின. அவர்களுள் பலருக்குத் தலைநகரைக் காண்பதே அது முதன்முறையாக இருந்திருக்கும். ஓவல் திடலின் அருகே நின்ற பெரிய எரிவாயுக் கொள்கலங்களின் அடியில் ஏறத்தாழ 15,500 பேர் திரண்டனர்.

நடுவர் மேஜர் பிரான்சிஸ் மரிண்டின். இவர் முதல் இறுதியாட்டத்தில் படைப் பொறியாளர் அணியில் ஆடியவர். பின்னர்ச் சங்கத்தின் தலைவரானவர். அலுவலால் இருப்புப்பாதைகளை மேற்பார்வையிடுபவர். அந்நாளில் நடுவர் இன்றுபோல் களத்தினுள் ஓடித் திரிவதில்லை. களத்தினுள் துணை நடுவர் இருவர் இருப்பர். ஆட்டக்காரர் குற்றம் என்று முறையிட்டால்தான் அவர்கள் தீர்ப்புக் கூறுவர். இருவரும் கருத்து வேறுபட்டால் மட்டுமே எல்லைக்கோட்டருகே நிற்கும் நடுவரிடம் வழக்குச் செல்லும். நடுவரே களத்தினுள் வந்து முழு அதிகாரமும் பெற்றது 1891-இல். தண்ட உதையும் அவ்வாண்டில்தான் ஏற்பட்டது. 1887-இல் கோலுக்கு மேலே குறுக்குக் கட்டை இருந்தது. பின்னே வலை இல்லை. பந்து கம்பத்துக்கு உள்ளே சென்றதா வெளியே சென்றதா என்பதைக் கண்ணே சொல்லவேண்டும்.

‘ஆப்சைடு’ என்னும் விதியும் இன்றைக்குச் சற்று வேறானது. தன் அணியினன் முன்னே தள்ளும் பந்தைப் பெறுவோனுக்கும் எதிரியின் கோல் எல்லைக்கும் இடையே, எதிரணியினர் மூவரேனும் இருத்தல் வேண்டும். மூவர் என்பது இருவராகக் குறைந்தது 1925-இல்தான். முன்னேறி நிற்பவனுக்கு இவ்விதி ஒரு கண்ணி. காப்பவர்க்கோ பெருந்துணை, கையை உயர்த்தி ‘ஆப்சைடு’ என்று கூவினால் ஆட்டம் நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் அவர்களிடம் ஊறியிருந்தது. அன்றைய முடிவு இந்நம்பிக்கையில்தான் சிக்கியது.

ஆட்டம் தொடங்கியவுடன் ஆல்பியனின் கையே ஓங்கியது. பேலிஸ் என்பவரின் தலைமையில் அவர்கள் அலையலையாய் வந்தனர். வில்லாவின் கோலைக் காத்து நின்றவர் ஜிம்மி வார்னர். வந்த பந்துகளை எல்லாம் அவர் தடுத்துத் தள்ளினார். அந்நேரத்தில் ஒரு கோல் விழுந்திருந்தால் ஆட்டம் அத்துடன் ஆல்பியனுக்கு ஆகியிருக்கும். விழவில்லை. இடைவேளை வரை இரு பக்கமும் கோல் இல்லை.

இடைவேளைக்குப் பின் வில்லாவின் கூட்டாட்டம் பலிக்கத் தொடங்கிற்று. வலப்புறத்திலிருந்து டேவிஸ் அடித்த பந்து களத்தைக் கடந்து இடப்புறம் நின்ற டென்னிஸ் ஹாட்ஜெட்ஸிடம் வந்தது. அவர் ஆப்சைடில் நிற்பதாக ஆல்பியன் ஆட்டக்காரர் முறையிட்டனர். அவர்களின் கோலைக் காத்த பாப் ராபர்ட்ஸ் இங்கிலாந்து நாட்டு அணிக்கே தேர்ந்தெடுக்கப்பெற்றவர். உயர்ந்த ஆகிருதியும் திறமையும் உடையவர். தீர்ப்புத் தமக்கே வரும் என்று ஆல்பியன் எதிர்பார்த்தது. ஹாட்ஜெட்ஸ் எதையும் எதிர்பாராமல் பந்தைக் கோலுக்குள் செலுத்தினார். தீர்ப்புக் கோல் என்றே வந்தது. அத்தீர்ப்புச் சரியா தவறா என்ற வழக்கு அதன்பின் பல்லாண்டுகள் வெஸ்ட் பிராமிச்சில் ஓயவில்லை. இன்றைய ஒளிப்படக் கருவிகள் இல்லாத அக்காலத்தில் அதனைத் தீர்க்க வழியும் இல்லை.

ஆல்பியன் தளரவில்லை, தாக்கிக்கொண்டே இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கையில் வில்லாவின் தலைவர் ஹன்ட்டர் பந்தை நோக்கி விரைந்தார். எதிரே ராபர்ட்ஸும் கோலை விட்டு வெளியே பாய்ந்தார். இருவரும் மோதிக்கொண்டனர். ஹன்ட்டரின் கால் ஒரு கணம் முந்திற்று. பந்து கோலுக்குள் உருண்டது. 2–0. அப்போட்டியின் ஒவ்வொரு சுற்றிலும் கோல் அடித்த முதல் வீரர் ஹன்ட்டரே என்பர். கோப்பை பர்மிங்காம் சென்றது.

தோற்ற ஆல்பியனின் கதை அத்துடன் முடியவில்லை. இரண்டாண்டு தொடர்ந்து இறுதியில் தோற்ற அவ்வணி, 1888-இல் மூன்றாம் முறையாக ஓவல் திடலுக்கு வந்தது. எதிரே பிரஸ்டன். தாம் வெல்வது திண்ணம் என்று எண்ணிய பிரஸ்டன் அணியினர், ஆடை அழுக்காகுமுன் கோப்பையுடன் நிழற்படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டதாக ஒரு கதை உண்டு. ஆல்பியன் 2–1 என வென்றது. அப்பதினொருவரும் இங்கிலாந்திலேயே பிறந்தவர்கள். அவ்வாண்டிலேயே, வில்லா கழகத்தைச் சேர்ந்த வில்லியம் மெக்கிரகர் என்னும் துணி வணிகரின் முயற்சியால், பன்னிரண்டு கழகங்கள் கூடிக் காற்பந்து லீக் என்னும் அமைப்பை உருவாக்கின. வில்லா, ஆல்பியன் இரண்டும் அவற்றுள் அடங்கும். இனி அவ்விரு ஊராரும் ஆண்டுதோறும் தவறாமல் எதிர்ப்பட்டனர்.

1892-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ஆம் நாள் அதே ஓவல் திடலில், அதே இரு கழகங்கள், அதே கோப்பைக்காக மீண்டும் ஆடின. ஐந்தாண்டுகளுக்குள் காட்சி எவ்வளவு மாறிவிட்டது என்பதற்குக் கூட்டத்தின் அளவே சான்று: 32,810 பேர். லீவர்பூல் நகரத்துப் பொறியாளர் பிராடி கண்டறிந்த வலை அன்றுதான் முதன்முதலாக இறுதியாட்டக் கோலில் கட்டப்பட்டது. லீக் வரிசையில் வில்லா நான்காம் இடத்தில் இருந்தது. ஆல்பியன் பதினான்கு கழகங்களுள் பன்னிரண்டாவது. வில்லாவே வெல்லும் என்று பலரும் பணம் கட்டினர். நான்காம் நிமிடத்தில் ஆல்பியனின் கெடிஸ் கோல் அடித்தார். பின்னர் நிக்கல்ஸ் ஒன்று, ரெய்னால்ட்ஸ் ஒன்று. முடிவு 3–0.

வில்லாவின் கோலைக் காத்தவர் இம்முறையும் ஜிம்மி வார்னரே. 1887-இல் ஆல்பியனின் அலையைத் தடுத்து நின்ற அதே மனிதர். அவர் அப்போது பர்மிங்காமில் ஒரு மதுக்கடையும் நடத்திவந்தார். பணத்துக்காக அவர் ஆட்டத்தை விற்றுவிட்டார் என்ற பேச்சு ஊரெங்கும் பரவிற்று. சினங்கொண்ட கூட்டம் அவர் கடையின் கண்ணாடிகளை உடைத்தெறிந்தது. அவர் அக்குற்றத்தை மறுத்தார். எவரும் அதனை மெய்ப்பித்ததும் இல்லை. ஆயினும் அவ்வூரில் அவரால் ஆட இயலவில்லை. அவ்வாண்டே வில்லாவை விட்டு, மாஞ்செஸ்டரில் நியூட்டன் ஹீத் என்னும் கழகத்திற்குச் சென்றார். பிற்காலத்தில் மாஞ்செஸ்டர் யுனைட்டட் எனப் பெயர்பெற்றது அக்கழகமே. ஒரு தோல்விக்கு இத்துணைச் சினம் எழுவானேன்? கின்னேர்ட் பிரபு தோற்ற நாளில் யாரும் அவர் மாளிகையின் கண்ணாடியை உடைத்ததில்லை. அவர் தோற்றால் அவர் ஒருவரே தோற்றார். வார்னர் தோற்றபோது ஓர் ஊரே தோற்றது. அவ்வூரார் பலரின் கூலியும் பந்தயத்தில் போயிற்று. ஆட்டம் மக்களுடையதாயிற்று என்று நாம் மகிழ்ந்து கூறுகையில், அம்மாற்றத்தின் விலையில் ஒரு பங்கைச் செலுத்தியவர் அக்கடைக்காரர் என்பதையும் உடன் எண்ணவேண்டும்.

ஓவல் திடலில் நடைபெற்ற இறுதியாட்டங்களுள் அதுவே கடைசி. இத்துணைப் பெருங்கூட்டம் மிதித்தால் கிரிக்கெட்டுத் தரை கெடும் என்று அஞ்சிய திடற்காரர் இனி இடமில்லை என்றனர். ஆட்டம் தன் பழைய வீட்டினின்று வெளியேறிற்று.

மூன்றாம் முறை இவ்விரு கழகங்கள் இறுதியில் சந்தித்தது 1895-ஆம் ஆண்டு ஏப்பிரல் 20-ஆம் நாள், இலண்டனின் கிரிஸ்டல் பாலஸ் திடலில். 42,560 பேர் வந்திருந்தனர். ஆனால் அவர்களுள் பலர் அவ்வாட்டத்தின் ஒரே கோலைக் காணவில்லை. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம் ஆகுமுன்பே, மக்கள் வாயிலில் நெருக்கிக்கொண்டிருக்கையிலேயே, வில்லா கோல் அடித்துவிட்டது. பந்தைக் கடைசியாய்த் தொட்டவர் சாட் என்பாரும் டெவி என்பாரும் உளர். ஆல்பியன் எஞ்சிய நேரம் முழுதும் முயன்றும் அதனைச் சமன்செய்ய இயலவில்லை. 1892-இல் ஆல்பியனுக்காக மூன்றாம் கோலை அடித்த ரெய்னால்ட்ஸ் இம்முறை வில்லாவின் பக்கம் ஆடினார் என்பது குறிப்பிடத்தக்கது. முதல் இறுதியாட்டத்தில் கோல் அடித்த ஹாட்ஜெட்ஸ் இதிலும் ஆடினார். அவருடைய அன்றைய தலைவர் ஹன்ட்டர் இதனைக் காண இல்லை. 1890-இல் ஆட்டத்தின் நடுவே நெஞ்சு நோயால் வீழ்ந்த அவர், 1894-ஆம் ஆண்டு இறுதியில் முப்பத்தைந்தாம் வயதில் மறைந்தார்.

வென்ற கோப்பையைப் பர்மிங்காமில் காற்பந்துக் கருவிகள் விற்கும் ஒரு கடையின் கண்ணாடிப் பலகணியில் மக்கள் காண வைத்திருந்தனர். செப்டம்பர் 11-ஆம் நாள் இரவு யாரோ கடையுட் புகுந்து அதனைத் திருடிச் சென்றனர். 10 பவுன் பரிசு அறிவித்தும் பயன் இல்லை. உருக்கிக் கள்ள நாணயமாக்கினர் என்று பின்னாளில் ஒரு பேச்சு எழுந்தது. அதற்கு உறுதியான சான்று இல்லை. கோப்பையைக் காக்கத் தவறியதற்காக வில்லாவுக்குச் சங்கம் 25 பவுன் தண்டம் விதித்தது. அப்பணத்தைக் கொண்டு, பழையதைப் போன்ற புதிய கோப்பை ஒன்று செய்யப்பெற்றது. 1893-இல் கோப்பையை வென்ற உல்வர்ஹாம்ப்டன் கழகத்தார் தம் ஆட்டக்காரர்க்கு அதன் சிறிய வெள்ளிப் படிவங்களை வழங்கியிருந்தமையால், பழைய வடிவத்தை அறிதல் எளிதாயிற்று. அதனைச் செய்தது பர்மிங்காமின் வாட்டன் வெள்ளிப் பட்டறை. அப்பட்டறையைச் சேர்ந்த ஹோவர்டு வாட்டன் என்பவர், 1887-ஆம் ஆண்டு ஏப்பிரல் 2-ஆம் நாள் ஹன்ட்டருக்கும் ஹாட்ஜெட்ஸுக்கும் பக்கத்தில் நின்று ஆல்பியனை எதிர்த்து ஆடிய பதினொருவருள் ஒருவர். அவர் பட்டறையில் உருவான கோப்பை 1910 வரை வழக்கில் இருந்தது. அடுத்த ஆண்டு வேறொரு கோப்பை வந்தபோது, சங்கத்திற்கு இருபத்தோராண்டு தலைமை தாங்கிய கின்னேர்ட் பிரபுவுக்கு அது நினைவுப் பரிசாக அளிக்கப்பெற்றது.